காவிரி டெல்டாவில் இருந்துகொண்டு கணிதப் பொருளியல் படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று நம் பக்கத்துக் கல்லூரிகளில் பி.ஏ. பொருளியல் சேர்கிறவர்களில் பலர் கணிதத்திலிருந்து தப்பிக்கத்தான் அந்தப் பாடத்தை எடுக்கிறார்கள். நடுவில் கணித முறைகள் என்று ஒரு தாள் வந்து நிற்கும், எப்படியோ பத்துக் கேள்வியை மனப்பாடம் செய்து அதைத் தாண்டிவிடுவார்கள், அப்புறம் எம்.ஏ. போன முதல் வாரத்திலேயே கரும்பலகை முழுக்கப் பகுதி வகைக்கெழு. இந்த வழிகாட்டி முதலில் அவர்களுக்கு. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுப் பொருளியல் பக்கம் வர நினைப்பவர்களுக்கும் இது உதவும். அவர்களுக்கு இருப்பது வேறு சிக்கல், கணக்கு வரும், அந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்று கேட்டால் வாய் திறக்காது.

கீழே வரும் எல்லாப் படிக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடை கண்டுபிடித்தவுடன் பேனாவை மூடாதீர்கள். அந்த விடையை அதன் அலகோடு சேர்த்து, ஒரே தமிழ் வாக்கியத்தில், வரப்பில் நிற்கிற ஒருவருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் கணக்கு இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாடத்தில் பாதி பயம் போய்விடும், மீதிப் பாதி உழைப்பில் போகும்.

இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்வோம். கணிதப் பொருளியல் வேறு, பொருளாதார அளவையியல் வேறு. முன்னது 'இப்படி நடந்துகொள்கிறவர்கள் இருந்தால் என்ன விளையும்' என்று அனுமானத்திலிருந்து முடிவுக்குப் போவது. பின்னது தரவை வைத்துக்கொண்டு அது உண்மையில் நடக்கிறதா, எவ்வளவு நடக்கிறது என்று அளப்பது. இரண்டும் வேண்டும். இங்கே நான் பெரும்பாலும் முன்னதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

படி 1: பள்ளிக்கூடக் கணக்கைத் தட்டிப் பார்ப்பது

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுக்காதவர்கள் தயங்க வேண்டாம். மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தின் கடைசி அத்தியாயமே பொருளியலுக்கான கணித முறைகள்தான், பல பள்ளிகளில் அதை வேகமாகத் தள்ளிவிடுவார்கள், அதை எடுத்து நிதானமாகப் போடுங்கள். அதன்பின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் புத்தகங்கள். தமிழ் வழியில் இலவசமாகக் கிடைக்கின்றன, அணிகள், வகையிடல், தொகையிடல், நேரியல் திட்டமிடல் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. கல்லூரி நூலகத்தில் தடியான ஆங்கிலப் புத்தகத்தைத் தேடுவதற்கு முன்னால் இவற்றை முடிப்பது நல்லது.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள நாலு கேள்வி போதும். ஒரு நேர்கோட்டின் சாய்வு என்றால் என்ன, அதற்கு அலகு உண்டா? இருபடிச் சார்பின் படத்தைக் கையால் வரைய முடியுமா? மடக்கையின் விதிகள் நினைவில் இருக்கின்றனவா? ஒரு சார்பைக் கொடுத்தால் அதன் நேர்மாறைக் கண்டுபிடிக்க முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் பொருளியலில் விலையைச் செங்குத்து அச்சிலும் அளவைக் கிடை அச்சிலும் வைப்பது மார்ஷல் காலத்திலிருந்து வரும் பழக்கம். கணிதத்தில் காரணம் கிடை அச்சில், விளைவு செங்குத்து அச்சில். பி.எஸ்சி. கணிதக்காரர்கள் முதல் நாளே தடுமாறும் இடம் இதுதான். தேவைச் சார்பையும் அதன் நேர்மாறையும் மாற்றி மாற்றி எழுதிப் பழகினால் சரியாகிவிடும்.

படி 2: வகையிடல், ஆனால் பொருளோடு

சூத்திரப் பட்டியலை மனப்பாடம் செய்வது ஒரு வார வேலை. 'இறுதிநிலை' என்ற சொல் வரும் இடமெல்லாம் அது ஒரு வகைக்கெழு என்று கண்ணில் படுவதற்குத்தான் ஒரு செமஸ்டர் ஆகும். இறுதிநிலைச் செலவு என்பது மொத்தச் செலவின் வகைக்கெழு. சராசரியை விட இறுதிநிலை குறைவாக இருக்கும்வரை சராசரி இறங்கும், அதிகமாக இருந்தால் ஏறும், ஆகவே இரண்டும் சராசரியின் அடிமட்டப் புள்ளியில் சந்திக்கும். இதை வகுத்தல் விதியால் நிரூபியுங்கள், இரண்டு வரிதான்.

நெகிழ்ச்சியில் கொஞ்சம் அதிக நேரம் செலவழியுங்கள். நம் ஊரில் மகசூலை மாவுக்கு இத்தனை மூட்டை என்போம், அரசு அறிக்கையில் ஹெக்டேருக்கு இத்தனை குவிண்டால் என்றிருக்கும். மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். இருபது மா ஒரு வேலி. அலகு மாறினால் சாய்வு மாறிவிடும், அதே வயல், அதே விவசாயி, எண் மட்டும் வேறு. நெகிழ்ச்சி சதவீத மாற்றங்களின் விகிதம், அதில் மாவும் மூட்டையும் அடிபட்டுப் போய்விடுகின்றன. பொருளியல் ஏன் சாய்வை விட்டுவிட்டு நெகிழ்ச்சியைப் பிடித்துக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. மடக்கை எடுத்து வகையிட்டால் நெகிழ்ச்சி நேரடியாகக் கிடைக்கும், மடக்கையை முதல் படியிலேயே சேர்த்தது இதற்காகத்தான்.

ஒரு பயன்பாடு. சந்தைக்குக் காய் வரத்து 10 சதவீதம் கூடி, அதனால் விலை 25 சதவீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் 1.10 பெருக்கல் 0.75, அதாவது பழைய வருமானத்தில் 0.825 பங்கு. நல்ல விளைச்சல் வந்த ஆண்டில் விவசாயிக்குக் கையில் பதினேழரை சதவீதம் குறைகிறது. தேவை நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கீழே இருந்தால் இது நடந்தே தீரும், அதைப் பொதுவாக நிரூபிக்கும் பயிற்சியைச் செய்யுங்கள், வருமானத்தை அளவைப் பொறுத்து வகையிட்டால் வந்துவிடும்.

பகுதி வகைக்கெழு, சங்கிலி விதி, மொத்த வகையீடு, உள்ளார்ந்த சார்புத் தேற்றம், இந்த நான்கும் கையில் நன்றாகப் பழகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். கடைசியாகச் சொன்ன தேற்றம்தான் 'வரி கொஞ்சம் கூடினால் சமநிலை விலை எவ்வளவு நகரும்' என்ற வகைக் கேள்விகளுக்கெல்லாம் திறவுகோல்.

படி 3: அணிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கணக்குப் போடுவது எளிது, பழகவும் சீக்கிரம் பழகும். அணிக்கோவை, நேர்மாறு, கிராமர் விதி, தரம், ஐகன் மதிப்பு, இருபடி வடிவம். கடைசி இரண்டும் பின்னால் உகமத்துக்கும் (இருப்பதில் ஆகச் சிறந்த தீர்வைத் தேடுவது) இயக்கவியலுக்கும் வேண்டும், ஆகவே தேர்வுக்கு வராவிட்டாலும் விட்டுவிடாதீர்கள்.

அணிகளின் அழகு லியோன்டிஃபின் உள்ளீடு-வெளியீடு மாதிரியில் தெரியும், அதற்காக அவருக்கு 1973-இல் நோபல் கிடைத்தது. வேளாண்மை, தொழில் என்று இரண்டே துறை. ஒரு ரூபாய்க்கு வேளாண் விளைச்சல் வேண்டுமானால் 20 பைசா வேளாண் பொருளும் (விதை என்று வைத்துக்கொள்ளுங்கள்) 40 பைசா தொழில் பொருளும் தேவை. ஒரு ரூபாய்த் தொழில் பொருளுக்கும் அதே 20 பைசா வேளாண் பொருள், 40 பைசா தொழில் பொருள். அலகு அணியிலிருந்து இந்தக் கெழு அணியைக் கழித்தால் அணிக்கோவை 0.4, நேர்மாறின் முதல் நிரல் 1.5, 1. சரி, இதை வாக்கியமாக்குங்கள்: மக்கள் சாப்பிட 100 கோடி ரூபாய்க்கு வேளாண் பொருள் வேண்டுமானால், வேளாண்மை 150 கோடிக்கும் தொழில் 100 கோடிக்கும் உற்பத்தி செய்ய வேண்டும், தொழில் பொருளை நுகர்வோர் யாரும் ஒரு பைசாவுக்குக்கூடக் கேட்காதபோதும். நேர்மாறு அணியின் ஒவ்வோர் உறுப்புக்கும் இப்படி ஒரு வாக்கியம் உண்டு. நான்கையும் எழுதிப் பாருங்கள்.

படி 4: உகமம் காணல், பாடத்தின் நெஞ்சு

இங்கேதான் நிறைய நேரம் போக வேண்டும். நுகர்வோர், நிறுவனம், அரசு, யாரை எடுத்தாலும் பொருளியல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இருப்பதை வைத்து அதிகபட்சம் என்ன செய்யலாம்?

சம்பா அறுவடை முடிந்தாயிற்று, கோடைப் பட்டம். ஒருவரிடம் 6 ஏக்கர் இருக்கிறது, போர்செட்டில் 24 அலகு தண்ணீர் எடுக்க முடியும். கோடை நெல்லுக்கு ஏக்கருக்கு 6 அலகு தண்ணீர், லாபம் 15,000 ரூபாய். உளுந்துக்கு ஏக்கருக்கு 2 அலகு, லாபம் 9,000 ரூபாய். எண்களெல்லாம் கணக்குக்காக நான் வைத்தவை, நீங்கள் உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். நெல் ஏக்கரை 'நெ' என்றும் உளுந்து ஏக்கரை 'உ' என்றும் எழுதினால் கட்டுப்பாடுகள் இரண்டு:

நெ + உ ≤ 6
6நெ + 2உ ≤ 24

படம் வரைந்தால் மூலைகள் தெரியும். நெல் மட்டும் போட்டால் தண்ணீர் 4 ஏக்கரோடு தீர்ந்துவிடும், லாபம் 60,000. உளுந்து மட்டும் என்றால் 54,000. இரண்டு கோடும் வெட்டும் மூலையில் 3 ஏக்கர் நெல், 3 ஏக்கர் உளுந்து, லாபம் 72,000. அதுதான் உகமத் தீர்வு. பெரும்பாலான வகுப்புகளில் கணக்கு இங்கேயே முடிந்துவிடும். எனக்குச் சொல்ல வேண்டியது இனிமேல்தான்.

தண்ணீரை 24-இலிருந்து 25 ஆக்குங்கள். இப்போது நெல் 3.25 ஏக்கர், உளுந்து 2.75 ஏக்கர், லாபம் 73,500. ஓர் அலகுத் தண்ணீர் கூடினால் 1,500 ரூபாய் கூடுகிறது. தண்ணீரை 24-இலேயே வைத்து நிலத்தை 7 ஏக்கர் ஆக்கினால் லாபம் 78,000, அதாவது கூடுதல் ஏக்கருக்கு 6,000. இவைதான் நிழல் விலைகள். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம், ஆகவே மோட்டார் தண்ணீருக்கு பில்லில் விலை கிடையாது, ஆனால் இந்த விவசாயிக்கு அந்த அலகு 1,500 ரூபாய் பெறும். பில்லில் இல்லாத விலை கணக்கில் இருக்கிறது.

இப்போது 24 அலகை 1,500-ஆல் பெருக்குங்கள், 36,000. 6 ஏக்கரை 6,000-ஆல் பெருக்குங்கள், இன்னொரு 36,000. கூட்டினால் அதே 72,000. இது தற்செயலாக அமைந்தது இல்லை, இருமைத் தேற்றம் என்பது இதுதான்: லாபம் முழுவதும் அதைச் சாத்தியமாக்கிய வளங்களுக்குப் பங்கு பிரிந்துவிடுகிறது, எதுவும் மிஞ்சுவதில்லை. இந்த இடத்தைத் தொட்டவுடன் சில மாணவர்களின் முகம் மாறும், பாடம் பிடித்துப்போவது அப்போதுதான்.

இன்னும் கொஞ்சம் போகலாம். தண்ணீர் 12 அலகுக்குக் கீழே இருந்தால் நிலம் சும்மா கிடக்கும், உளுந்து மட்டும்தான் போட முடியும், ஓர் அலகின் நிழல் விலை 4,500 ரூபாய். 12-இலிருந்து 36 வரை 1,500. 36-ஐத் தாண்டிவிட்டால் ஆறு ஏக்கரும் நெல், அதற்கு மேல் வரும் தண்ணீருக்கு மதிப்பு பூஜ்யம். மதிப்புச் சார்பு, அதாவது தண்ணீருக்கு ஏற்ப மாறும் அதிகபட்ச லாபம், குழிவானது என்று புத்தகம் ஒரு வரியில் சொல்வது இதைத்தான். பக்கத்துப் பக்கத்தில் இதே அளவு நிலத்தோடு இரண்டு பேர், ஒருவரிடம் 40 அலகு, இன்னொருவரிடம் 10 அலகு என்றால், முதலாமவர் 2 அலகைக் கொடுப்பதால் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை, வாங்குகிறவருக்கு 9,000 ரூபாய் கூடும். கடற்கரையோரம் நிலத்தடி நீர் உப்பாகிப் போன ஊர்களில் நல்ல தண்ணீர் ஏன் அவ்வளவு பெறும் என்பது இந்தப் படியிறங்கும் கோட்டில் தெரிகிறது.

இந்த வகைக் கணக்கை 1939-இல் ரஷ்யாவில் கான்டரோவிச் எழுதினார், 1947-இல் அமெரிக்காவில் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டார். கான்டரோவிச்சும் கூப்மன்ஸும் 1975-இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு லெக்ராஞ்சி பெருக்கிக்கு வாருங்கள். வரிசை முக்கியம். பல புத்தகங்கள் லெக்ராஞ்சியில் தொடங்கி நேரியல் திட்டமிடலைக் கடைசியில் வைக்கும், நான் தலைகீழாகச் சொல்லித்தரச் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பெருக்கி என்பது நீங்கள் மேலே கண்ட நிழல் விலைதான், கோடுகள் வளைந்திருக்கும் இடத்தில். பயன்பாட்டைப் பெருமமாக்கும் கணக்கில் பெருக்கியின் வாக்கியம்: வருமானம் ஒரு ரூபாய் கூடினால் பயன்பாடு இவ்வளவு கூடும். அப்புறம் சமன்குறிக்குப் பதில் சமனின்மை வந்தால் கரூஷ்-குன்-டக்கர் நிபந்தனைகள். கரூஷ் 1939-இல் எம்.எஸ்சி. ஆய்வேட்டில் எழுதியது யார் கண்ணிலும் படவில்லை, குன்னும் டக்கரும் 1951-இல் எழுதியபோதுதான் உலகம் கவனித்தது. அந்த நிபந்தனைகளின் சாரம் மேலே உள்ள கணக்கிலேயே இருக்கிறது: வளம் மிஞ்சினால் அதன் விலை பூஜ்யம், விலை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் வளம் மிஞ்சாது.

இரண்டாம் நிலை நிபந்தனை, ஹெஸ்ஸியன் அணி, எல்லையிட்ட ஹெஸ்ஸியன் ஆகியவற்றைத் தேர்வில் கேட்பார்கள், போடப் பழகுங்கள். ஆனால் சார்பு குழிவானது என்று முதலிலேயே காட்டிவிட்டால் பெரும்பாலான இடங்களில் அந்த வேலையே மிச்சம். ஆகவே குவிவு, குழிவு பற்றிப் படிக்கும் நேரம் வீணாகாது. இந்தப் படியை உறைத் தேற்றத்தோடு முடியுங்கள், ஓர் அளவுரு கொஞ்சம் மாறினால் உகம மதிப்பு எவ்வளவு மாறும் என்று சொல்வது அது.

படி 5: நிரூபணம்

இங்கேதான் பொருளியல் மாணவர்கள் ஓடிவிடுகிறார்கள். ஓடாதீர்கள், ஒரு சின்ன மாற்றம் செய்து காட்டுகிறேன். மேலே உள்ள கணக்கில் 'தண்ணீர் 24 அலகு வரை' என்பதற்குப் பதில் '24 அலகுக்குக் குறைவாக' என்று எழுதுங்கள். இப்போது அதிகபட்ச லாபம் எவ்வளவு? 23.9 போட்டால் ஒரு லாபம், 23.99 போட்டால் அதைவிட அதிகம், 23.999 போட்டால் அதைவிடவும். 72,000-ஐ நெருங்கிக்கொண்டே போகலாம், தொட முடியாது. அதிகபட்சம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு குறியை மாற்றியதும் விடையே காணாமல் போய்விட்டது. மூடிய, வரம்புள்ள கணத்தில் தொடர்ச்சியான சார்புக்குப் பெருமம் உண்டு என்ற வயர்ஸ்ட்ராஸ் தேற்றம் இந்த இடத்தைத்தான் காவல் காக்கிறது.

மெய்ப் பகுப்பாய்வில் தொடர்வரிசை, எல்லை, தொடர்ச்சி, திறந்த மூடிய கணங்கள், இடைமதிப்புத் தேற்றம் வரை போதும், முதலாண்டு எம்.ஏ.வுக்குத் தாங்கும். ஒரே சந்தையில் சமநிலை விலை உண்டு என்பதை இடைமதிப்புத் தேற்றத்தால் நிரூபிக்கலாம், மிகை அளிப்பு ஒரு விலையில் எதிர்மம், இன்னொரு விலையில் நேர்மம், நடுவில் எங்கோ பூஜ்யம். பல சந்தைகள் சேர்ந்தால் அது போதாது, பிரௌவர், காக்குடானி ஆகியோரின் நிலைப்புள்ளித் தேற்றங்கள் வேண்டும். எல்லாச் சந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் சமநிலை உண்டா என்று வால்ராஸ் 1874-இல் கேட்ட கேள்விக்கு ஆரோவும் டெப்ருவும் 1954-இல் இந்த வழியில்தான் பதில் சொன்னார்கள். எண்பது வருடம் நின்ற கேள்வி, ஆகவே உங்களுக்கு இரண்டு மாதம் ஆனால் பரவாயில்லை.

நிரூபணத்தைப் படிக்கும் முறை ஒன்றுதான். ஒருமுறை வாசித்துவிட்டு மூடிவையுங்கள், வெற்றுத் தாளில் எழுதுங்கள், எங்கே நிற்கிறீர்களோ அந்த இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். அப்புறம் ஒவ்வோர் அனுமானத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தேற்றம் எங்கே உடைகிறது என்று ஓர் எதிர் உதாரணம் தேடுங்கள். பி.எஸ்சி. கணிதம் படிக்கும் நண்பர் பக்கத்தில் இருந்தால் இந்தப் படி பாதிக் கஷ்டம்தான், பதிலுக்கு நீங்கள் அவருக்கு நிழல் விலையைச் சொல்லிக்கொடுக்கலாம்.

படி 6: காலம் சேரும்போது

எளிதான இடத்தில் தொடங்குங்கள்: சிலந்திவலை மாதிரி. போன வருட விலையைப் பார்த்து இந்த வருடம் எவ்வளவு போடலாம் என்று முடிவு செய்கிற பயிர்களை நினைத்துக்கொள்ளுங்கள், கோடைப் பருத்தி நல்ல உதாரணம். தேவை 120 கழித்தல் 2 பெருக்கல் இந்த வருட விலை. அளிப்பு போன வருட விலை கழித்தல் 30. சமநிலை விலை 50. ஏதோ ஒரு காரணத்தால் ஒரு வருடம் விலை 70 ஆகிவிட்டது என்றால் அடுத்தடுத்த வருடங்களில் 40, 55, 47.5 என்று ஏறி இறங்கி 50-இல் போய் நிற்கும். ஒவ்வொரு முறையும் விலகல் பாதியாகிறது, குறி மாறுகிறது. விலைக்கு அளிப்பு அசையும் வேகம் தேவை அசையும் வேகத்தைவிட அதிகமாக இருந்தால் ஊசல் பெரிதாகிக்கொண்டே போகும். முதல்நிலை வித்தியாசச் சமன்பாடு முழுவதும் இதற்குள் இருக்கிறது.

நெல்லுக்கு இந்த ஊசல் ஏன் அப்படியே பொருந்தாது என்று யோசித்துப் பாருங்கள். நேரடி கொள்முதல் நிலையம் இருக்கிறது, 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். கொள்முதல் ஒழுங்காக நடந்தால் விலைக்கு ஒரு தரை வந்துவிடுகிறது. சமன்பாட்டில் அந்தத் தரையைச் சேர்த்து, கீழே விழும் பாதியை வெட்டிவிட்டுப் பாதையை மறுபடி வரைந்து பாருங்கள். நல்ல பயிற்சி.

சோலோவின் 1956 வளர்ச்சி மாதிரி அடுத்து. முதலீடு தேய்மானத்துக்குச் சமமாகும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கே பொருளாதாரம் ஏன் நிற்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதினால் முடிந்தது.

அதன்பின் இயங்கு திட்டமிடல், பெல்மன் 1950-களில் வளர்த்த முறை. டெல்டாக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டாம். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., வழக்கமான திறப்பு ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. ஜூனில் குறுவைக்கு எவ்வளவு விடுவது, சம்பா தாளடிக்கு எவ்வளவு தேக்குவது, நடுவில் தென்மேற்குப் பருவமழை எவ்வளவு கொண்டுவரும் என்று யாருக்கும் தெரியாது. அணையில் இருக்கும் இருப்புதான் நிலை மாறி, திறக்கும் அளவு முடிவு. இன்றைக்குக் கிடைக்கும் பலன், நாளைய இருப்பின் எதிர்பார்க்கும் மதிப்பு, இந்த இரண்டின் கூட்டலைப் பெருமமாக்க வேண்டும். விடையின் வாக்கியம்: இன்று வாய்க்காலில் விடும் கடைசி டி.எம்.சி.யின் பலன், அதை அணையிலேயே வைத்திருந்தால் பின்னால் கிடைக்கக்கூடிய பலனுக்குச் சமமாகும்வரை திற. நான்காம் படியில் கண்ட நிழல் விலைதான் இங்கே மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டு வருகிறது. மூன்று மாதம் மட்டும் உள்ள ஒரு சின்னக் கணக்கைக் கடைசி மாதத்திலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள், அப்புறம்தான் முடிவிலி வரை போகும் சமன்பாடு.

படி 7: ஆட்டக் கோட்பாடு

நாஷின் 1950 சமநிலை, கலப்பு உத்தி, திரும்பத் திரும்ப ஆடும் ஆட்டம், தகவல் சமமில்லாத ஆட்டம் என்று வரிசையாகப் போங்கள். ஓர் உதாரணம் மட்டும். ஒரே வாய்க்காலில் இரண்டு விவசாயிகள். ஒருவர் 500 ரூபாய் செலவழித்துத் தூர்வாரினால் இருவருக்கும் ஆளுக்கு 400 ரூபாய் பலன். இருவரும் செய்தால் ஆளுக்கு நிகரமாக 300. ஒருவர் மட்டும் செய்தால் செய்தவருக்கு 100 நட்டம், சும்மா இருந்தவருக்கு 400 லாபம். ஒரே ஒருமுறை என்றால் இருவருமே செய்யாமல் இருப்பதுதான் சமநிலை. வருடாவருடம் அதே ஆட்கள், அதே வாய்க்கால், ஒருமுறை ஏமாற்றினால் இனி ஒத்துழைப்பே கிடையாது என்றால்? அடுத்த வருடத்து ஒரு ரூபாய் இன்றைக்கு எவ்வளவு பெறும் என்ற எண்ணைத் தள்ளுபடிக் காரணி என்பார்கள். ஒத்துழைத்துக்கொண்டே போவதன் மதிப்பு 300-ஐ, ஒன்றிலிருந்து தள்ளுபடிக் காரணியைக் கழித்து வருவதால் வகுத்தது. ஏமாற்றினால் ஒருமுறை 400. ஆகவே தள்ளுபடிக் காரணி கால் பங்குக்குக் குறையாமல் இருந்தாலே ஒத்துழைப்பு நிற்கும். ஊர் கூடிக் குடிமராமத்து செய்த வழக்கம் எப்படி நிலைத்தது என்பதற்கு இது ஒரு விளக்கம், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூர் போனவர்கள் அதிகமான இடத்தில் அது ஏன் தளர்ந்தது என்பதற்கும். பொதுவளங்களை ஊர்களே எப்படிப் பேணுகின்றன என்று ஆய்வு செய்த எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் நோபல் பெற்றார்.

நிகழ்தகவு, புள்ளியியல் இரண்டும் இதற்குப் பக்கத்திலேயே ஓட வேண்டும். எதிர்பார்ப்பு மதிப்பு, மாறுபாடு, நிபந்தனை நிகழ்தகவு, இயல்நிலைப் பரவல், தொடர்புப் போக்கு. பெரும்பாலான கல்லூரிகளில் புள்ளியியல் ஓரளவு நன்றாகவே நடக்கிறது என்பதால் இங்கே அதிகம் சொல்லவில்லை.

தினமும் எப்படிப் படிப்பது

இரண்டு நோட்டு வையுங்கள். ஒன்றில் கணக்கு, இன்னொன்றில் வாக்கியங்கள் மட்டும். வாக்கிய நோட்டை பஸ்ஸிலோ மயிலாடுதுறை பாசஞ்சர் ரயிலிலோ புரட்டலாம், கணக்கு நோட்டு மேசையில்தான் திறக்கும். கணக்கை வீடியோவில் பார்ப்பது படிப்பதாகாது, ஒரு காணொளிக்கு ஐந்து கணக்காவது நீங்களே போட வேண்டும். ஸ்வயம், என்.பி.டி.இ.எல். ஆகிய இணையத் தளங்களில் இலவச வகுப்புகள் இருக்கின்றன, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்து முடியுங்கள்.

தமிழ் வழியில் வந்தவர்கள் கருத்தைத் தமிழில் பிடித்துக்கொண்டு, சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் இணையாக எழுதி வாருங்கள். கணிதத்தின் குறியீடுகள் எல்லோருக்கும் பொது, ஆங்கில வழியில் படித்தவருக்கும் அவை புதிதுதான். நிரூபணத்துக்குத் தேவையான ஆங்கில வாக்கிய அமைப்புகள் இருபது முப்பதுக்கு மேல் இல்லை, அவற்றை அப்படியே எழுதி எழுதிப் பழகலாம்.

நம் பக்கத்துக் காலண்டரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் செமஸ்டர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும், மழை விடுமுறையை நம்பி பாடத்தை ஒத்திவைக்க முடியாது, மின்சாரம் போய்விட்டால் இணைய வகுப்பும் போய்விடும். ஆகவே வேண்டிய பக்கங்களை அக்டோபருக்குள் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை நேரத்தில் வீட்டு வேலை இருக்கும், அந்த வாரங்களுக்குப் புதிய பாடம் வைக்காமல் பழைய கணக்குகளை மட்டும் வையுங்கள்.

கணினி இருந்தால் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் உள்ள சால்வர் வசதியில் நான்காம் படிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், தண்ணீரை ஒவ்வோர் அலகாகக் கூட்டி லாபத்தை வரைந்தால் 12-இலும் 36-இலும் கோடு மடங்குவது கண்ணுக்குத் தெரியும். பைத்தானைப் பிறகு கற்றுக்கொள்ளலாம், அவசரம் இல்லை.

புத்தகம் மூன்று போதும். தொடக்கத்துக்கு ஆல்ஃபா சியாங்கின் கணித முறைகள் நூல், விளக்கம் பொறுமையாக இருக்கும். நுண்ணியலுக்கு வேரியனின் இடைநிலை நூல், கணிதம் பின்னிணைப்புகளில் இருக்கிறது, அவற்றைத் தாண்டாமல் படியுங்கள். எம்.ஏ. தயாரிப்புக்கு சைமன், புளூம் இருவரும் எழுதியது. மூன்றையும் பாதி பாதி படிப்பதைவிட முதலாவதை முழுக்க முடிப்பது எவ்வளவோ மேல்.

அடுத்து எங்கே

பக்கத்திலேயே திருவாரூர் நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2009-இல் தொடங்கியது, அங்கே பொருளியல் துறை உண்டு. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். கணிதம் நன்றாக வருகிறவர்கள் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அளவுசார் பொருளியல் முதுநிலைப் படிப்பைக் குறிவையுங்கள், தில்லியிலும் கொல்கத்தாவிலும் இருக்கிறது, நுழைவுத் தேர்வில் கணிதத்தின் எடை அதிகம், மேலே சொன்ன 2, 4, 5 படிகளை உண்மையாகச் செய்தவர்களுக்கு அந்த வினாத்தாள் அந்நியமாகத் தெரியாது. தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜே.என்.யூ., மும்பையில் இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவையும் உண்டு. ஐ.ஐ.டி.கள் நடத்தும் முதுநிலை நுழைவுத் தேர்வான ஜாமில் 2021 முதல் பொருளியலும் ஒரு தாள், அதன் பாடத்திட்டத்தில் பொருளியலுக்கான கணிதம் தனிப் பகுதியாகவே இருக்கிறது.

பழைய வினாத்தாள்களை இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே இறக்கி, எந்தெந்தக் கேள்வி எந்தப் படியைச் சேர்ந்தது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், அதற்கான விண்ணப்பம் முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே வந்துவிடும், அதாவது ஐந்தாம் செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும்போதே. சாதிச் சான்றிதழ் தேவைப்படுகிறவர்கள், மத்திய அரசு நிறுவனங்கள் கேட்கும் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும் என்பதை மறக்காமல், இ-சேவை மையத்துக்கு ஆகஸ்டிலேயே போய்வந்துவிடுங்கள்.